வலிப்பை எதிர்த்த டாக்டர் சாண்டி

விடுமுறைக்குச் சென்னை வண்டியேறும் நம்மில் பலர் காட்பாடி நிலையத்தைக் கடந்து செல்கிறோம். மருத்துவச் சீட்டுக் கட்டுகளுடன் அங்கே இறங்கும் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். வங்காளத்திலிருந்துகூட வேலூரை நாடி வருவோர் அவர்கள். அவ்வூர் மருத்துவமனைக்கு அப்பெருமையைத் தேடித் தந்தவருள் ஒருவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி.

உயிர்வேதியியல் பயிலும் நான் அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு சிறுவனுக்குக் காக்கை வலிப்பு வரும். உடனே இரும்புச் சாவியை அவன் கையில் திணிப்பார்கள். பெற்றோரோ நோயின் பெயரையே வெளியில் சொல்லமாட்டார்கள். பெரும்பாலும் தானே நின்றுவிடும் வலிப்புக்குச் சாவி பெயர் வாங்கிக்கொள்ளும்! இந்த அறியாமையோடு போராடியவர்களுள் சாண்டி முன்னவர்.

1910-இல் பிறந்த அவர் கோட்டயத்தைச் சேர்ந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். சில ஆண்டுகள் பஹ்ரைனில் பணியாற்றியபின் கடல் கடந்து சென்றார். கனடாவின் மாண்ட்ரியால் நகரில், வலிப்பு அறுவையில் உலகப் புகழ் பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, பேச்சுக்குரிய இடம் எது, நோய்க்குரிய இடம் எது எனக் கண்டறிந்தவர் பென்ஃபீல்ட். அக்கலையைக் கற்று 1949-இல் வேலூருக்கு வந்த சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே நிறுவினார்.

மூளையின் மின்னோட்டம் திடீரெனக் கட்டுக்கடங்காமல் போவதே வலிப்பு. மருந்து உண்போரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது முற்றிலும் அடங்குவதில்லை. அத்தகைய குழந்தைகளுக்கு மாவுப்பொருளை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்துத் தரும் உணவு முறையை 1921-இல் அமெரிக்கரான ரஸ்ஸல் வைல்டர் வகுத்தார். மருத்துவர் மேற்பார்வையில் அது இன்றும் கையாளப்படுகிறது. சாண்டி கைக்கொண்டதோ மற்றொரு வழி. 1952 ஆகஸ்ட் 25 அன்று, குழந்தைப் பருவத்திலேயே வலப்பக்கம் செயலிழந்து, மருந்துக்கு அடங்காத வலிப்பால் வருந்திய 19 வயது இளைஞருக்கு அறுவை செய்தார். இந்தியாவில் வலிப்புக்காகச் செய்யப்பட்ட முதல் அறுவை அதுவே.

தனியே புகழ் பெறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. 1951-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி முதலியோருடன் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தார். இளம் மருத்துவர்களை வேலூரிலேயே பயிற்றுவித்தார். 1964-இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 2007-இல், தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தார்.

அறுவைக் கத்தி எட்டாத இடம் ஒன்று உண்டு. அதுவே சமுதாயத்தின் அச்சம். வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாதாக்க இடமளித்த சட்டச் சொற்கள் 1999-இல்தான் நீக்கப்பட்டன. சாண்டியின் முதல் அறுவைக்குப் பின் நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகிவிட்டன! சட்டம் மாறியும் மனம் மாறவில்லை. பெண் பார்க்கும் வீடுகளில் இன்றும் நோய் மறைக்கப்படுகிறது. மறைப்பதற்காகவே மருந்தும் நிறுத்தப்படுகிறது.

அறிவியல் பயிலும் நாம் செய்யக்கூடியது சிறிது, எனினும் பயனுள்ளது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பின்பு, அது தெய்வக் குற்றமன்று, மூளையின் நோய் என்பதை அவர் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.