மிருதங்கத்துக்குச் செவிகொடுத்த விஞ்ஞானி

சர் சி.வி. இராமன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை நோபல் பரிசும் ஒளிச்சிதறலும்தாம். ஆனால், ஒளிச்சிதறலில் இறங்குவதற்கு முன்பு பல ஆண்டுகள் அவருடைய சிந்தனையை ஆட்கொண்டிருந்தவை வயலினும் வீணையும் தம்பூராவும் மிருதங்கமும் ஆகும். அறிவியல் வேறு, நம் கலை வேறு என்று எண்ணிப் பழகிவிட்ட நாம் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர். வயலின் வாசிப்பதில் ஈடுபாடு உடையவர். பின்னாளில் இராமன் மணந்துகொண்ட உலோகசுந்தரி அம்மையாரோ வீணை பயின்றவர். ஆக, இசைக்கருவிகளின் ஒலி அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலி பற்றி எழுதிய நூல் அவர் கைக்கு எட்டியது. வீட்டில் கேட்ட ஒலி கேள்வியாக மாறியது அதன் பிறகுதான்.

படிப்பில் முதல்வராகத் திகழ்ந்தும் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. இங்கிலாந்துக் குளிரை இவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எனவே, நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907இல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18.

பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் கருவி

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆய்வாளர்கள் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தது. இராமன் அதன் கதவைத் தட்டினார். அலுவலகம் செல்லும் முன் காலையிலும், அலுவலகம் முடிந்து இரவு வரையிலும் அங்கேயே ஆய்வு செய்தார். வசதிகள் குறைவு. ஒரு கம்பி, ஒரு மரப்பெட்டி, ஒரு வில் இருந்தால் தொடங்கிவிடக்கூடிய ஆய்வு இசைக்கருவி ஆய்வு. ஒற்றைக் கம்பியுடைய ஏக்தாரா என்ற எளிய கருவியைப் பற்றிக்கூட 1909இல் அவர் கட்டுரை எழுதினார்.

வயலின் நரம்பை வில் எப்படிப் பாட வைக்கிறது? வில் நரம்பைப் பற்றி இழுக்கிறது, ஒரு கட்டத்தில் நரம்பு நழுவுகிறது, மீண்டும் பற்றிக்கொள்கிறது. நொடிக்குப் பல நூறு முறை இது நிகழ்கிறது. மனிதக் கையால் வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் ஒரே சீராக வைத்திருக்க இயலாது. ஆகவே இராமன் ஓர் இயந்திரம் அமைத்தார். அதில் வில் அசையாமல் நின்றது. வயலின்தான் முன்னும் பின்னும் நகர்ந்தது! சில சுரங்களில் வயலினின் மர உடல் நரம்போடு சேர்ந்து பலமாக அதிர்வதையும், அங்கே வில்லை அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதையும் அவர் அளந்து காட்டினார். வில்லிசைக் கருவிகள் பற்றிய அவருடைய விரிவான கோட்பாடு 1918இல் வெளிவந்தது.

இதற்கிடையே 1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அரசாங்க வேலையை விட்டதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

வீணையும் தம்பூராவும்

நரம்பின் ஒரு புள்ளியை மீட்டினால், அப்புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரம் ஒலிக்கக்கூடாது என்பது ஐரோப்பியர் கண்ட விதி. வீணையிலும் தம்பூராவிலும் அந்த மேற்சுரம் நன்றாகவே ஒலிப்பதை இராமன் கண்டார். காரணம், இவற்றின் குதிரை கூர்மையான விளிம்பு அன்று. சற்றே வளைந்த பரப்பு. நரம்பு அதிரும்போதெல்லாம் அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் சிறு நூல் அதன் நாதத்துக்கு உயிரூட்டுகிறது. இந்த ஆய்வு 1921இல் வெளிவந்தது.

தோலுக்குள் ஒளிந்திருந்த சுரங்கள்

தமிழர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பிரித்தனர். நரம்பு அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுகளும் எழுகின்றன. முழு எண் மடங்குகள் என்பதால் அவை காதுக்கு இனிமையாக ஒன்றிப்போகின்றன. குழலுக்குள் அதிரும் காற்றும் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால், இழுத்துக் கட்டிய சாதாரணத் தோல் 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கற்ற மடங்குகளில் அதிர்கிறது. அதனால்தான் சாதாரண முரசில் முழக்கம் இருக்கிறது, தெளிந்த சுரம் இல்லை.

மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு சேர்கிறது? விடை, வலந்தலையின் நடுவே இருக்கும் கருவட்டத்தில் உள்ளது. கல்பொடியையும் சோற்றையும் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்து ஏற்றிய பூச்சு அது. அந்தச் சுமை தோலின் அதிர்வுகளையே மாற்றிவிடுகிறது. இராமன் தம் துணையாளருடன் 1920இல் இதைப் பற்றி எழுதினார். 1934இல் மேலும் விரிவாக விளக்கினார். தோலின் மீது மென்மணலைத் தூவித் தட்டும்போது, அதிராத கோடுகளில் மணல் வந்து சேரும். அக்கோலங்களைக் கொண்டு, தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுரங்களாக, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் திரள்வதை அவர் மெய்ப்பித்தார். சுருங்கச் சொன்னால், நம் மிருதங்கம் தோலால் ஆன கருவியாக இருந்தும் நரம்பைப்போல் பாடுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் தாம் என்று இராமன் உரிமை கொண்டாடவில்லை. பண்டைய இந்தியரின் ஒலியறிவைப் பற்றி 1922இல் தனிக் கட்டுரையே எழுதினார். சமன்பாடு எதுவும் அறியாமல், பூசிப் பூசித் தட்டிக் கேட்டு, செவி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு அந்தச் சுமையைச் சரியாக அமைத்தவர்கள் மிருதங்கம் கட்டும் கைவினைஞர்கள். கச்சேரி அழைப்பிதழில் வித்துவானின் பெயர் இருக்கும். கருவி கட்டியவரின் பெயர் இருப்பது அரிது. அந்தக் கைகளின் அறிவு உலக அறிவியல் ஏடுகளில் இடம்பெற இராமனின் ஆய்வு வழி செய்தது.

1927இல் வெளிவந்த ஜெர்மானிய இயற்பியல் பெருந்தொகுப்பில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதியவரும் அவரே. 1928இல் இராமன் விளைவு, 1930இல் நோபல் பரிசு, 1954இல் பாரத ரத்னா எனப் புகழ் தொடர்ந்தது. 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் அவர் மறைந்தார்.

ஆய்வுத் தலைப்புக்காகத் தொலைவில் தேடும் மாணவர்கள் நம்மில் பலர். இராமனுக்கோ முதல் தலைப்புகள் வீட்டுக் கூடத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தன. நம் கலைவிழா மேடைகளில் மிருதங்கம் முழங்கும்போது அந்தக் கருவட்டத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். நம் வீடுகளிலும் கோயில்களிலும் பட்டறைகளிலும் இன்னும் எத்தனை கேள்விகள் யாரும் கேட்காமல் காத்திருக்கின்றனவோ!