ஐதர் அலி அன்று சென்னைக்கு வந்திருந்தால்...?

1780-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி.

காஞ்சிபுரத்துக்குச் சில மைல் தூரத்தில் உள்ள ஊர் புள்ளலூர். பல்லவர் காலத்திலேயே போர் கண்ட ஊர். அங்கே அன்று காலை பீரங்கிகள் முழங்கின. கர்னல் பெய்லி என்ற வெள்ளைக்காரத் தளபதியின் படையை மைசூர்ப் படை நான்கு பக்கமும் வளைத்துக் கொண்டது. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. சுமார் 3,800 பேர் கொண்ட அந்தப் படை சில மணி நேரத்தில் அழிந்தது. மிஞ்சியவர்கள் கைதிகள் ஆனார்கள்.

காஞ்சிபுரத்தில் மன்றோ என்ற இன்னொரு தளபதி பெரிய படையோடு இருந்தார். செய்தி கேட்டதும் அவர் நடுங்கிப் போனார். கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளினார். மூட்டை முடிச்சுகளைப் போட்டுவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார்.

வென்றவர் ஐதர் அலி. சென்னைக்குப் போகும் பாதை அவருக்குத் திறந்து கிடந்தது. ஆனால் அவர் சென்னைக்குப் போகவில்லை. ஆர்க்காட்டை முற்றுகையிடப் போய்விட்டார்!

அன்று அவர் சென்னைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 240 ஆண்டுகளுக்கு மேலாகியும் சரித்திரம் படிப்பவர்கள் இந்தக் கேள்வியை விடவில்லை. அதற்குப் பதில் தேடுமுன், ஐதர் அலி யார் என்று பார்ப்போம்.

முரசுக்குள் அடைபட்ட சிறுவன்

கோலார் பக்கத்தில் பூதிக்கோட்டை என்று ஒரு சிற்றூர். அங்கே 1720-ம் ஆண்டையொட்டி ஐதர் பிறந்தார். தகப்பனார் ஒரு படைத் தலைவர். ஐதர் சிறு பையனாக இருந்தபோதே அவர் போரில் மாண்டார்.

தகப்பனார் வைத்த கடனுக்காக ஐதரையும் அவருடைய அண்ணனையும் பிடித்து, பெரிய முரசுக்குள் அடைத்து, மேலே தோலைக் கட்டி அடித்தார்களாம். மைசூரில் இருந்த உறவினர் பணம் கொடுத்து அவர்களை மீட்டார். ஐதரின் வரலாற்றை எழுதியவர்கள் இப்படிச் சொல்வார்கள்.

ஐதருக்குப் படிப்பு வாசனையே கிடையாது. தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு மாதிரியாகப் போடக் கற்றுக் கொண்டார். ஆனால் அவருடைய ஞாபக சக்தி அபாரம். ஒரே நேரத்தில் கடிதம் படிக்கச் சொல்லிக் கேட்பார்; கணக்குக் கேட்பார்; உத்தரவும் போடுவார். எதுவும் தவறாது.

1749-ல் தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் அவருடைய துணிச்சல் மைசூர் மந்திரியின் கண்ணில் பட்டது. அதிலிருந்து ஏறுமுகம்தான். 1755-ம் ஆண்டு வாக்கில் திண்டுக்கல்லுக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டார். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிப் படையைத் திருத்தி அமைத்தார். அவருடைய உயர்வுக்கு அஸ்திவாரம் போட்டது நம் திண்டுக்கல்தான்.

1760-ல் அவரால் முன்னுக்கு வந்த கண்டேராவ் என்பவரே அவருக்கு எதிராகத் திரும்பினார். ஐதர் குடும்பத்தைக் கூட விட்டுவிட்டு, இரவோடு இரவாகக் காவிரியைத் தாண்டித் தப்பினார். மறு ஆண்டே திரும்பி வந்து வென்றார். கண்டேராவைக் கிளி போல் வளர்ப்பதாக அரண்மனைப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்தாராம். சொன்னபடியே இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தாராம்!

1761 முதல் மைசூருக்கு அவரே எல்லாம். ஆனாலும் உடையார் வம்ச ராஜாவைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கவில்லை. பெங்களூரில் இன்று நாம் குழந்தைகளோடு சுற்றிப் பார்க்கும் லால் பாக் தோட்டத்தை உண்டாக்கத் தொடங்கியவர் அவர்தான்.

பரங்கிமலையில் ஐதர்

1767-ல் ஐதருக்கும் ஆங்கிலக் கும்பினிக்கும் போர் மூண்டது. செங்கம், திருவண்ணாமலை இரண்டு இடங்களிலும் ஐதருக்குத் தோல்வி. ஆனால் அவர் சோர்ந்து விடவில்லை.

1769 மார்ச் மாதம். கும்பினியின் பெரிய படையை வெகு தூரத்துக்கு இழுத்துச் சென்றார். பிறகு 6,000 குதிரை வீரர்களோடு திடீரென்று திரும்பினார். மூன்றரை நாளில் சுமார் 130 மைல்! ஒரு நாள் காலை பரங்கிமலைப் பக்கம் மைசூர்க் குதிரைகள் நின்றன. கோட்டையில் இருந்த துரைமார்கள் திகைத்துப் போனார்கள்.

நகரத்தைக் கொள்ளையிட்டிருக்கலாம். ஐதர் அதைச் செய்யவில்லை. உடன்படிக்கை கேட்டார். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்று ஏப்ரலில் ஒப்பந்தம் ஆயிற்று.

பிறகு நடந்தது என்ன? மராட்டியர் மைசூர் மீது படையெடுத்தார்கள். 1771-ல் ஐதர் படுதோல்வி அடைந்தார். ஒப்பந்தப்படி உதவி கேட்டார். கும்பினி கையை விரித்துவிட்டது.

ஐதர் அதை மறக்கவே இல்லை. ஒன்பது ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தார். 1779-ல் மாஹி துறைமுகத்தையும் கும்பினி பிடித்தது. அவருக்குத் துப்பாக்கியும் மருந்தும் வரும் வழி அது. 1780 ஜூலையில் சுமார் 80 ஆயிரம் பேரோடு அவர் மலையிலிருந்து இறங்கினார். அதன் விளைவுதான் புள்ளலூர்.

முதல் கேள்வி

இனி, அந்தக் கேள்விக்கு வருவோம்.

மன்றோவின் படை பயந்து ஓடிக் கொண்டிருந்தது. பின்னாலேயே துரத்தியிருந்தால் அதையும் அழித்திருக்கலாம். சென்னையைக் காக்க வேறு பெரிய படை இல்லை. ஆகையால் கும்பினியின் ஆட்சி அன்றே தெற்கில் முடிந்திருக்கும் என்பது ஒரு கட்சி.

மறு கட்சியும் லேசானதல்ல. புனித ஜார்ஜ் கோட்டையின் மதில்களைக் குதிரைப் படையால் உடைக்க முடியாது. நீண்ட முற்றுகை வேண்டும். கோட்டைக்குப் பின்னால் கடல். கப்பலில் சோறும் வரும், சிப்பாயும் வருவான். ஐதரிடம் அந்தக் கடலை அடைக்கக் கூடிய கப்பற்படை இல்லை. அவரும் இதை நன்றாக அறிந்திருந்தார்.

மன்றோவை விட்டது தவறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் மன்றோ அழிந்திருந்தாலும் கோட்டை விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி

இதைவிடப் பெரிய வாய்ப்பு ஐந்து மாதத்தில் வந்தது. பலரும் அதைக் கவனிப்பதில்லை.

வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் என்ற கிழத் தளபதி சென்னைக்கு வந்திருந்தார். 1781 பிப்ரவரியில் அவருடைய படை கடலூர்ப் பக்கம் சிக்கிக் கொண்டது. ஒரு பக்கம் ஐதர். மறு பக்கம் கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள். கையில் இருந்த அரிசி சில நாளைக்குத்தான் வரும்.

கப்பல்கள் அங்கேயே நின்றால் போதும். கும்பினியின் கடைசிப் படையும் பட்டினியால் பணிந்திருக்கும். ஐதர் எவ்வளவோ வேண்டிக் கொண்டார். ஆனால் பிரெஞ்சுக் கப்பல் தலைவர் டார்வ், பிப்ரவரி 15-ந் தேதி பாய் விரித்துப் போய்விட்டார்!

கூட் பிழைத்தார். ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில் ஐதரைத் தோற்கடித்தார். சுப்ரேன் என்ற வீரமான பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பிறகு வந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது.

கோட்டையைவிடக் கடல்தான் முக்கியம் என்பதால், இந்த இரண்டாவது கேள்விக்கே எடை அதிகம்.

1782 டிசம்பர் 7-ந் தேதி, சித்தூர் அருகே பாசறையில் முதுகில் வந்த ராஜபிளவையால் ஐதர் இறந்தார். மகன் திப்பு மலையாளக் கரையில் இருந்தார். அவர் வரும் வரை மரணத்தை வெளியே விடாமல் மறைத்து வைத்தார்கள். 1784-ல் மங்களூரில் சமாதானம் ஆயிற்று. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன.

மூன்றாவது கேள்வி

அப்படியானால், இத்தனை போரும் எதற்கு? இதில் யார் என்ன கண்டார்கள்?

ஐதரின் குதிரைப் படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை எரித்தது. கும்பினிப் படைக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்பது அவருடைய திட்டம். சோறில்லாமல் போனவர்கள் ஏழைக் குடியானவர்கள். கூட்டம் கூட்டமாகச் சென்னைக்கு ஓடி வந்தார்கள். பஞ்சம் வந்தது. அப்போது 1782-ல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். வட சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தப் பஞ்சம் இருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. 1769-ல் கொடுத்த வாக்கைக் கும்பினி காப்பாற்றியிருந்தால்?

முதல் கேள்விக்குக் கோட்டை மதில் உடைய வேண்டும். இரண்டாவதற்குக் கப்பல்கள் நிற்க வேண்டும். மூன்றாவதற்கு ஒன்றும் வேண்டாம். போட்ட கையெழுத்துக்கு மதிப்புக் கொடுத்திருந்தால் போதும். புள்ளலூரில் அத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். குடிசைகள் எரிந்திருக்க மாட்டா.

புள்ளலூரில் கைதானவர்களில் பெயர்டு என்ற இளம் அதிகாரி ஒருவர். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையில் கிடந்தார். 1799 மே 4-ந் தேதி அதே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை உடைத்துப் புகுந்த படைக்கு அவர்தான் தலைமை தாங்கினார். திப்பு அன்று மாண்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகிறவர்கள் இன்றும் இரண்டையும் பார்க்கலாம். ஒன்று, தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டிய புள்ளலூர்ப் போர்ச் சித்திரம். மற்றொன்று, ஐதரும் அவர் மனைவியும் மகன் திப்புவும் பக்கத்தில் பக்கத்தில் உறங்கும் கல்லறை மண்டபம். சித்திரத்தைப் பார்த்தவர்கள் கல்லறையையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.