புரதங்களை வரிசையில் நிறுத்திய மார்கரெட் டேஹாஃப்: யார் இவர்?

கொரோனாவில் புது வகை வந்தால், எந்த இடத்தில் மாறியிருக்குன்னு விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? பல வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் மல்டிபிள் சீக்வென்ஸ் அலைன்மென்ட். இப்படி ஒப்பிடும் வேலைக்கு கணினி யுகத்தில் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் மார்கரெட் டேஹாஃப்.

1925-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அட்டையில் துளை போட்டுக் கணக்குப் போடும் மெஷின்களை அப்போதே வேதியியலுக்குப் பயன்படுத்தினார். இரண்டு மகள்களை வளர்க்க சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, 1960-ல் ஓர் உயிரி மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணி மாதிரி கோத்த சங்கிலி. அந்த வரிசைகள் ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. டேஹாஃப் குழு தேடிப் பிடித்து, 1965-ல் 65 புரதங்களோடு 'அட்லஸ்' வெளியிட்டது. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரே ஒரு எழுத்து என்ற குறியீடும் அவர் கொண்டுவந்ததுதான்.

சரி, அடுக்கினால் என்ன தெரியும்? சைட்டோகுரோம் சி புரதத்தைப் பாருங்க. நமக்கு 104 எழுத்து. சிம்பன்சிக்கும் அச்சு அசல் அதேதான். ரீசஸ் குரங்கில் 1 இடம் மாறும், குதிரையில் 12. யார் நெருங்கிய சொந்தம், யார் தூரத்துச் சொந்தம்னு புரிந்துவிடும். எல்லா உயிரிலும் மாறாத இடம் இருந்தால், அங்கே கை வைத்தால் புரதம் வேலை செய்யாது என்று யூகிக்கலாம்.

எந்த அமிலம் எதுவாக எளிதில் மாறும்? 71 புரதக் குழுக்களில் 1,572 மாற்றங்களை எண்ணி, 1978-ல் பாம் என்ற மதிப்பெண் அட்டவணையை முழு வடிவில் தந்தார். 1982-ல் வினோனா பார்க்கருடன் சேர்ந்து இன்னொரு அதிரடி: கோழிக்குப் புற்றுநோய் தரும் வைரஸின் புரதம், பாலூட்டிகளின் செல்லில் உள்ள சாதாரண நொதி ஒன்றுக்குச் சொந்தம். சோதனைக்குழாய் தேவைப்படவில்லை, வரிசைகளை ஒப்பிட்டதே போதும்.

ஆனா சோதனைக்கூடக்காரர்கள் பலருக்கு இது வெறும் சேகரிப்பு வேலை. நிதி போதாமல் அட்லஸை விலைக்கு விற்றார்கள். ஊரார் கண்டுபிடித்ததை வைத்து வியாபாரமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1982-ல் அமெரிக்க அரசின் மரபணுத் தகவல் தளத்துக்கான ஒப்பந்தம், எல்லோருக்கும் திறந்துவிடுவோம் என்ற லாஸ் அலமோஸ் தரப்புக்குப் போனது.

சில மாதங்களில், 1983 பிப்ரவரியில், மாரடைப்பால் காலமானார். வயது 57.

அவர் தொடங்கிய தொகுப்பு 2002-ல் யூனிபுராட் தளத்தில் இணைந்தது. இப்போ அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம்.