ஆபரேஷன் செய்த இடத்தில் பரவிக்கொண்டே போன புண்... 1924-லேயே பதிவு செய்த டாக்டர்! யார் இந்த தாமஸ் கல்லன்?

வயிற்றில் கட்டியிருந்த சீழை வெளியேற்ற ஒரு ஆபரேஷன். குடல்வாலில் இருந்து வந்த சீழ் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அதன்பிறகு வெட்டிய இடத்தைச் சுற்றியிருந்த தோலும் கொழுப்பும் அரிக்கப்பட்டு, புண் பெரிதாகிக்கொண்டே போனது. 1924-ல் இந்த கேஸை அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் விரிவாக எழுதியவர் தாமஸ் கல்லன்.

யார் இவர்?

கனடாவின் ஒன்டாரியோவில் 1868-ல் பிறந்தவர். டொராண்டோவில் டாக்டருக்குப் படித்துவிட்டு, 1891-ல் அமெரிக்காவின் பால்டிமோருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். மகளிர் நோய் மருத்துவராக வாழ்நாள் முழுக்க அங்கேயேதான்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கணும் என்பதுதான் அவருடைய தீராத கவலை. திசுவை உறைய வைத்து, மெல்லியதாகச் சீவி, ஃபார்மலின் உதவியோடு வேகமாகப் பரிசோதிக்கும் முறையை 1895-லேயே வெளியிட்டார். கர்ப்பப்பை புற்றுநோய் பற்றி 1900-ல் புத்தகம் எழுதினார். புற்றுநோய் என்ற வார்த்தையையே வெளியே சொல்லத் தயங்கிய காலத்தில், 1913-ல் பிரபல பெண்கள் பத்திரிகையில் அதுபற்றிய கட்டுரை வரவும் வழி செய்தார்.

தொப்புளுக்கு மட்டும் தனியாக ஒரு தடிமனான புத்தகம் எழுதியவரும் இவரேதான், 1916-ல்! கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் கசிந்தால் தொப்புளைச் சுற்றி நீலம் பாரிக்கலாம் என 1918-ல் எழுதினார். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் 'கல்லன் அறிகுறி' இதுதான்.

அந்தப் புண் என்ன?

இங்கேதான் சிக்கல். அந்த நோய்க்கு அப்போது பெயரே இல்லை. பாக்டீரியாக்கள் கூட்டாகச் சேர்ந்து உண்டாக்கும் அழுகல் என்றே சர்ஜன்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். 1930-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 5 நோயாளிகளை வைத்து 'பயோடெர்மா கேங்கிரினோசம்' என்று பெயர் வைத்தபோதும், கிருமிதான் காரணம் என்றே நம்பினார்கள். உண்மையில் இது தொற்றே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம்மாறித் தோலைத் தாக்குகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இந்த வகைப் புண்ணுக்கு முதல் பதிவு என, கல்லனின் கேஸைத்தான் இன்று பல மருத்துவக் கட்டுரைகள் காட்டுகின்றன.

குழப்பம் இன்னும் தீரவில்லை. காய்ச்சல் வரும், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடும். அச்சு அசலாக செப்டிக் ஆன மாதிரியே இருக்கும். உடனே கெட்டுப்போன சதையை வெட்டுவார்கள். வெட்ட வெட்ட புண் இன்னும் பெரிதாகும்! காயம் பட்ட இடத்திலேயே கிளம்புவதுதான் இதன் குணம்.

சந்தேகம் வரவேண்டியது எப்போது? புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, ஊதா நிறத்தில் உட்குழிந்த விளிம்பு, கல்ச்சரில் கிருமி இல்லை, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் பலனில்லை என்றால் தோல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் முலைக்காம்பை மட்டும் விட்டுவிடும். இதை உறுதிசெய்ய ஒரே ஒரு டெஸ்ட் என்று எதுவும் கிடையாது. விளிம்பில் இருந்து எடுத்த திசுவில் நியூட்ரோபில் அணுக்கள் குவிந்திருக்கிறதா என்று பார்த்து, மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதற்கு முக்கிய மருந்து ஸ்டீராய்டு. அந்த வகையைச் சேர்ந்த கார்டிசோனை 1948-ல் முதன்முதலில் ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்ததும் அதே மேயோ கிளினிக்தான். கல்லனுக்கு அப்போது 80 வயது நெருங்கியிருந்தது. 1953-ல் பால்டிமோரில் அவர் காலமானார்.