ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம்: மூன்றாவது கட்சிக்குப் போட்ட ஓட்டு எங்கே போனது?

தங்காக் வட்டாரத்தில் தேர்தல் நெருங்கினால் ஒட்டுக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். இரண்டு பெரிய கூட்டணிகளையும் பிடிக்காதவர் மூன்றாவது ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டால் அது வீண்தானா? 2022 மார்ச் மாதம் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் இந்தப் பேச்சு கொஞ்சம் கூடவே இருந்தது. தேசிய முன்னணி, நம்பிக்கைக் கூட்டணி தவிர பெரிக்காத்தான் நேஷனல், மூடா, பெஜுவாங், வாரிசான் என்று பல கொடிகள் பறந்தன. முடிவில் 56 இடங்களில் தேசிய முன்னணிக்கு 40. மூடாவுக்குப் புத்ரி வங்சா ஒன்று. பெஜுவாங்கும் வாரிசானும் வெறுங்கையோடு திரும்பின.

தங்காக் சட்டமன்றத் தொகுதி 2013 முதல் ஜ.செ.க. வசம் இருப்பதால், இங்கே பலருக்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற இரண்டு பக்கம்தான் தெரியும். ஆனால் இந்த நாட்டில் மூன்றாவது கட்சி நடத்துவதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமான ஒருவர் தமிழர். இன்று தோட்டத்திலும் தாமானிலும் உள்ள இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று தெரியவில்லை. ஈப்போவில் ஒரு பூங்காவின் பெயராக மட்டுமே அவரை அறிந்தவர்கள் உண்டு.

தர்மராஜா சீனிவாசகம் 1921-ல் ஈப்போவில் பிறந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பம். சட்டம் படித்து, சகோதரர் எஸ்.பி. சீனிவாசகத்தோடு ஈப்போவிலேயே வழக்கறிஞர் தொழில் செய்தார். கிந்தா பள்ளத்தாக்கு அப்போது ஈயத்தின் ஊர். சுரங்கக் கூலிகள், அவசரகாலத்தில் வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட சீனப் புதுக்கிராமத்து மக்கள், கடைச் சிப்பந்திகள் எனப் போலீசிடமும் நீதிமன்றத்திடமும் சிக்கிக்கொண்டவர்கள் அந்த அலுவலகத்தின் படியேறினார்கள். காசு இல்லாதவருக்கும் அண்ணன் தம்பி இருவரும் வாதாடுவார்கள் என்பது ஈப்போ பெரியவர்கள் இன்றும் சொல்லும் செய்தி. அரசியலுக்கு வருமுன்பே மக்களுக்கு அவரைத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் புதுக் கட்சி தொடங்கிய பலருக்கு வாய்க்காதது இதுதான்.

1953-ல் பேராக் முற்போக்குக் கட்சி தொடங்கப்பட்டது. பின்னர் அது மக்கள் முற்போக்குக் கட்சி, அதாவது பி.பி.பி. ஆனது. 1955 பொதுத் தேர்தலில் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வாரிக்கொண்டு போனது. பி.பி.பி.க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பலர் அத்துடன் கடையைக் கட்டியிருப்பார்கள். 1957 நவம்பரில், மெர்டேக்கா முடிந்து மூன்றே மாதத்தில், ஈப்போ-மெங்லெம்பு தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் மலாக்கா ஆளுநராகப் போனதால் ஏற்பட்ட காலியிடம். சுதந்திரம் வாங்கித் தந்த கூட்டணியின் புகழ் உச்சத்தில் இருந்த நேரத்தில் டி.ஆர். அந்த இடத்தைப் பறித்தார்.

அவர் கேட்டது என்ன? நாட்டில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை. மலாயோடு சீனத்துக்கும் தமிழுக்கும் அதிகாரபூர்வ இடம். தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு. 1957 அரசியலமைப்பு, மெர்டேக்கா நாளுக்குப் பின் இங்கே பிறந்தவர்களுக்குத்தான் பிறப்பால் குடியுரிமை தந்தது. 1962-ல் அதையும் திருத்தி, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து செத்த தாத்தா பாட்டி நம்மில் பல வீடுகளில் உண்டு. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லாமல் கப்பலேறிய தோட்டக் குடும்பங்களின் கதையும் தெரியும். நாடாளுமன்றத்தில் அன்று டி.ஆர். வாதாடிய விஷயம் அவர்களுடையதும்தான்.

ஆனால் தோட்டத் தமிழர்கள் பெரும்பாலும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. முதலாவது, பலருக்கு ஓட்டே இல்லை. ஓட்டு இருந்தவர்கள் ம.இ.கா. பக்கம் நின்றார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டமே வாங்கினார். அரசாங்கத்துக்குள் இருந்ததால் செய்ய முடிந்த வேலை அது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. டி.ஆரால் அப்படி ஒரு தோட்டம் வாங்கித் தந்திருக்க முடியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் புகழ்வது நியாயமாகாது.

அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் கிந்தா சீனர்கள். ஒரு யாழ்ப்பாணத் தமிழ் வழக்கறிஞரைத் தங்கள் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். 1959 பொதுத் தேர்தலில் பி.பி.பி.க்கு நான்கு நாடாளுமன்ற இடங்கள். மொத்தம் 104-ல் கூட்டணிக்கு 74, பாஸ் கட்சிக்கு 13, சோசலிஸ்ட் முன்னணிக்கு 8. நான்கு என்பது சிறிய எண். என்றாலும் அந்த நான்கு பேர் பேசினால் நாடு கேட்டது. ஈப்போ நகராண்மையும் அவர்கள் கைக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் கத்த மட்டும் முடிந்த கட்சி, ஊரில் சாலை போடவும் குப்பை அள்ளவும் கடை லைசென்ஸ் கொடுக்கவும் அதிகாரம் பெற்றது. ஒரு ஓட்டு போட்டால் ஒரு பலன் என்று வாக்காளர் கண்ணால் பார்த்தார். பி.பி.பி.யின் உண்மையான வேர் அந்த நகராண்மைக் கட்டடத்தில்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

அவர் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது ஒரு வழக்கு. 1964-ல் கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். அவைக்குள் பேசினால் வழக்குப் போட முடியாது. தைரியம் இருந்தால் வெளியே வந்து பேசு என்று சவால் வந்தது. டி.ஆர். ஈப்போவுக்கு வந்து பொதுமேடையில் அதையே சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார், 1965-ல் தோற்றார். மேல்முறையீட்டிலும் தோல்வி. பதவி விலகினார், பிறகு வெளிநாட்டுத் தூதராக அனுப்பப்பட்டார். ஆளுங்கட்சியில் ஒரு அமைச்சர் எதிர்க்கட்சிக்காரரிடம் நீதிமன்றத்தில் தோற்றுப் பதவி இழப்பது நம் நாட்டில் எத்தனை முறை நடந்திருக்கிறது, எண்ணிப் பாருங்கள். கையில் இரண்டே இடம் வைத்திருந்த கட்சி செய்த காரியம் இது. ஆமாம், 1964 தேர்தலில் அது இரண்டாகச் சுருங்கிவிட்டது. ஈப்போவில் டி.ஆர்., மெங்லெம்புவில் எஸ்.பி. கட்சி என்றால் அந்த அண்ணன் தம்பிதான் என்று ஆகிவிட்டிருந்தது. இரண்டாம் வரிசை வளரவில்லை, அல்லது வளர விடப்படவில்லை.

அதே 1965-ல் இன்னொரு அடி விழுந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நகராண்மைத் தேர்தல்களை அரசாங்கம் நிறுத்திவைத்தது. எதிர்க்கட்சிகள் தலையெடுத்த இடம் அதுதான். ஜார்ஜ்டவுன் சோசலிஸ்ட் முன்னணியிடம் இருந்தது, ஈப்போ பி.பி.பி.யிடம். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழர்தான், ம.இ.கா.வின் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர். அரசாங்கம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டம் அந்தத் தேர்தலை முழுசாக மூடியது. தங்காக்கில் கால்வாய் அடைத்துக்கொண்டால் இன்று புகார் கொடுக்கலாம். மன்ற உறுப்பினரை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. மூன்றாவது கட்சி ஒன்று ஊரிலிருந்து மேலே ஏறி வர இருந்த ஏணி அப்படித்தான் எடுக்கப்பட்டது. இன்றைய சின்னக் கட்சிகளைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

1965-ல் சிங்கப்பூரின் பி.ஏ.பி.யோடும் சரவாக் கட்சிகளோடும் சேர்ந்து மலேசிய ஒற்றுமை மாநாட்டில் பி.பி.பி. நின்றது. ஆகஸ்ட் மாதம் சிங்கப்பூர் பிரிந்ததும் அந்த அணி கலைந்தது. தனியாக நின்றால் பலம் போதாது, சேர்ந்தால் சேர்ந்தவர் போய்விடுகிறார் என்ற நிலை.

1969 மார்ச் 15-ல் டி.ஆர். காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். இறுதி ஊர்வலத்தில் ஈப்போவே தெருவில் நின்றது.

மே 10 தேர்தலில் அவர் இல்லாமலே அவர் கட்சி அதுவரை காணாத வெற்றியைப் பெற்றது. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக்கு 19. பி.பி.பி.க்கு 12, ஜ.செ.க.வுக்கு 6, கெராக்கானுக்கு 2, பாஸ் கட்சிக்கு 1. மாநில ஆட்சியே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று நாளில் மே 13. நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. 1972-ல் எஸ்.பி. தலைமையில் பி.பி.பி. பேராக்கில் கூட்டணியோடு கைகோத்தது, பிறகு தேசிய முன்னணியில் சேர்ந்தது. உள்ளே போனால் மக்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்திருக்கலாம். அந்தக் கால நிலையில் அது கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிந்தா வாக்காளர்கள் மன்னிக்கவில்லை. 1974-ல் கட்சிக்கு ஒரே ஒரு நாடாளுமன்ற இடம். எஸ்.பி.யே தோற்றார். மறு ஆண்டு அவரும் இறந்தார்.

அதன் பிறகு பி.பி.பி. பெயரளவில் நீடித்தது. டான்ஸ்ரீ கேவியஸ் 2004-ல் தைப்பிங்கில் வென்றார், 2008-ல் இழந்தார். 2018 தோல்விக்குப் பின் உட்பூசல்.

பி.பி.பி.யை விட்டுப் போன வாக்காளர்கள் ம.சீ.ச.வுக்குத் திரும்பிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜ.செ.க. பக்கம் போனார்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டார்கள். இனம் பார்க்காமல் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடும் பழக்கம் அந்த ஊரில் டி.ஆர். காலத்தில் வேரூன்றியது. சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள ஈப்போ பாராட் நாடாளுமன்றத் தொகுதியில் 2004 முதல் 2022 வரை ஐந்து பொதுத் தேர்தல்களிலும் வென்றவர் எம். குலசேகரன். அவரும் ஒரு தமிழ் வழக்கறிஞர்.