ஜகதீஷ் சந்திர போஸும் எங்கள் வீட்டுக் குசினி மேசையும்

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் ஒலுவில் துறைமுகத்தின் வெளிச்ச வீடு தெரியும். வாப்பா கடலுக்குப் போன இரவுகளில் உம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே தஸ்பீஹ் ஓதுவார். கடந்த வருடம் ஓர் இரவு அவர் நீண்ட நேரம் அப்படியே இருந்தார். சுபஹுக்குப் பாங்கு சொன்ன பிறகும் வாப்பா வரவில்லை. வெளிச்சம் பரவிய பின்னர்தான் நனைந்த உடுப்போடு வந்து சேர்ந்தார்.

நடந்ததை உம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. நடுக்கடலில் படகின் பற்றரி விளக்கு அணைந்துவிட்டதாம். இருட்டில் வந்த இன்னொரு படகு மிக நெருங்கிய பிறகே இவர்களைக் கண்டு விலகியதாம். துறைமுக வாயிலில் மண் சேர்ந்து ஆழம் குறையும் காலம் அது. விளக்கில்லாமல் உள்ளே நுழைய அஞ்சி, விடியும் வரை வெளியிலேயே காத்திருந்திருக்கிறார்கள். வாப்பா அந்த விளக்கை எறிவதற்காகத் திண்ணையில் வைத்துவிட்டு உறங்கப் போனார்.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்து, உயர் தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எனக்குத் தொழினுட்பப் பிரிவில் விருப்பம். வயரும் ஈயமும் ஆண்பிள்ளைகளின் வேலை என்பது உம்மாவின் எண்ணம். வாப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

அன்று அந்த விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் குசினி மேசையில் வைத்துத் திறந்தேன். அதற்கான துணிச்சல், பாடசாலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து வாசித்த ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைத்தது. அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ். அவருடைய கதையையும் அந்த விளக்கின் கதையையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தர். அந்தக் காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே கௌரவமாக நினைத்தார்கள். இந்தத் தந்தையோ, பிள்ளை முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டும், தன் ஊர் மக்களை அறிய வேண்டும் என்று எண்ணி, பரீத்பூரில் ஒரு வங்காளப் பள்ளிக்கூடத்தில் மகனைச் சேர்த்தார்.

அந்த வகுப்பில் போஸின் ஒரு பக்கத்தில் இருந்தவன், தந்தையிடம் வேலை செய்த ஒரு முஸ்லிமின் மகன். மறுபக்கத்தில் இருந்தவன் ஒரு மீனவரின் மகன். நீரில் வாழும் உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆசையைத் தனக்குள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வருவார்கள். தாய் சமய ஆசாரங்களைக் கடைப்பிடித்தவர். என்றாலும் சாதி, சமயம் பாராமல் எல்லாருக்கும் ஒரே விதமாக உணவு கொடுப்பார்.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். உலகம் அறிந்த ஒரு விஞ்ஞானிக்கு முதலில் கண்ணைத் திறந்துவிட்டவர்களில் ஒருவன் மீனவர் மகன். நானும் மீனவர் மகள்தான்.

போஸ் பின்னர் கல்கத்தாவில் சென் சேவியர் கல்லூரியில் படித்தார். அங்கே லாஃபோன் என்ற பாதிரியார் பௌதிகத்தைப் பரிசோதனைகள் செய்துகாட்டிக் கற்பித்தார். 1880இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார் போஸ். அவருக்கு ஏற்கனவே இருந்த காய்ச்சல், பிணம் அறுக்கும் அறையின் நாற்றத்தால் மேலும் மோசமானது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். அங்கே புகழ்பெற்ற ரேலி பிரபு அவருக்கு ஆசிரியரானார். ஒரு துறை கைநழுவிப் போனதால் வாழ்க்கையே போய்விட்டது என்று அவர் இருந்துவிடவில்லை. பெறுபேற்றுத் தாளைப் பார்த்து அழும் நம் தோழிகளுக்கு நான் சொல்வதற்கு இது ஒன்று கிடைத்தது.

1885இல் நாடு திரும்பிக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கே ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதிதான். அவர் வேலையை விடவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. ஒழுங்காகக் கற்பித்துக்கொண்டே சம்பளத்தை வாங்க மறுத்தார். இப்படி 3 ஆண்டுகள் கடந்தன. தந்தைக்கு அப்போது பெரும் கடன் இருந்தது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தையும் முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் போனது.

ஆராய்ச்சி செய்ய அவருக்கு முறையான ஆய்வுகூடம் இருக்கவில்லை. கல்லூரியில் ஒரு குளியலறையை ஒட்டி, ஏறத்தாழ 24 சதுர அடியில் ஒரு சிறு இடம் இருந்தது. எங்கள் குசினி அதைவிடப் பெரியது. உதவிக்கு இருந்தவர், விஞ்ஞானம் படிக்காத ஒரு தகரக் கொல்லர். தம் கைப்பணத்தைச் செலவழித்து, அவரைக் கொண்டே தேவையான கருவிகளைப் போஸ் செய்வித்தார்.

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் உண்டு என்பதை ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் என்பவர் 1888இல் நிரூபித்திருந்தார். அந்த அலைகளும் ஒளியைப் போலவே தெறிக்கின்றனவா, முறிகின்றனவா என்று போஸ் ஆராய விரும்பினார். நீளமான அலைகளுக்குப் பெரிய கருவிகளும் பெரிய இடமும் வேண்டும். ஆகவே அவர் அலையைச் சிறிதாக்கினார். சுமார் 5 மில்லிமீற்றர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். அதனால் முழுப் பரிசோதனையும் ஒரு மேசைக்குள் அடங்கியது. இன்று 5ஜி தொலைபேசித் தொழினுட்பத்தில் பேசப்படும் மில்லிமீற்றர் அலைகள் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

அவர் பயன்படுத்திய பொருட்களைக் கேட்டால் வியப்பாக இருக்கும். புகையிரத நேர அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கு இடையே ஈயத்தாள்களைச் செருகி, அலையின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் வடிகட்டியாக்கினார். முறுக்கிய சணல் நாரையும் பரிசோதனைக்கு எடுத்தார். கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில், வயர் எதுவும் இல்லாமல், சுவரையும் ஆளையும் ஊடுருவிச் சென்ற அலையினால் மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1895இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கல் ஃபரடே பேராசிரியராக விளங்கிய மண்டபம் அது.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன். வாப்பாவின் விளக்கில் எது பழுது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு சோதனைக் கருவி வேண்டியிருந்தது. நான் சேர்த்தவை இவ்வளவுதான்: 1.5 வோல்ற்று பற்றரி 4, சிவப்பு நிற எல்.ஈ.டி. ஒன்று, 330 ஓம் தடையி ஒன்று, கொஞ்சம் வயர். எல்.ஈ.டியை நம் பாடப்புத்தகம் ஒளி காலும் இருவாயி என்று சொல்கிறது. சுவரில் உள்ள 230 வோல்ற்று மின்சாரத்தைத் தொடக்கூடாது என்று உம்மா நிபந்தனை வைத்தார். அது சரியான நிபந்தனை. வீட்டில் பழகும் எந்தப் பிள்ளையும் அதை மீறக்கூடாது.

முதல் முயற்சியில் அவசரப்பட்டுத் தடையியை விட்டுவிட்டேன். எல்.ஈ.டி. ஒரு கணம் பளிச்சென்று எரிந்து செத்துப்போனது. அதன் பிறகுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 4 பற்றரி சேர்ந்தால் 6 வோல்ற்று. சிவப்பு எல்.ஈ.டிக்குச் சுமார் 2 வோல்ற்று போதும். மிகுதி 4 வோல்ற்றைத் தடையி தாங்க வேண்டும். 4ஐ 330ஆல் வகுத்தால் சுமார் 12 மில்லியம்பியர் மின்னோட்டம். அது எல்.ஈ.டிக்குப் பாதுகாப்பான அளவு. வகுப்பில் மனனம் செய்த ஓமின் விதி அன்றுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாவது எல்.ஈ.டி. எரியவே இல்லை. மாற்றிக் கொடுத்திருந்தேன். நீளமான கால் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி வைத்ததும் சிவப்பாக எரிந்தது. ஒரு பக்கம் மட்டும் மின்னை விடும் பொருள் அது, குறைகடத்தியால் ஆனது. இந்த இடத்தில்தான் போஸ் மறுபடியும் வந்தார். கலீனா என்ற ஈயத் தாதுப் பளிங்கில் உலோக முனையைத் தொடவைத்து மின்காந்த அலையை உணரும் கருவி ஒன்றை அவர் செய்தார். அதற்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமைகளில் ஒன்று அது. கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொதுவானது என்று நினைத்த போஸ், நண்பர்களின் வற்புறுத்தலால்தான் விண்ணப்பித்தார். அதை வைத்துப் பணம் தேட முயலவில்லை. நான் தலைகீழாக வைத்துத் திருப்பிய அந்தச் சின்ன விளக்கு, அந்தப் பளிங்கின் பரம்பரையில் வந்தது.

பிறகு சுற்றில் ஒரு வெட்டு விட்டு, இரு வயர் முனைகளாலும் வீட்டில் உள்ள பொருட்களைத் தொட்டுப் பார்த்தேன். கரண்டியில் எரிந்தது. மரத்தில் எரியவில்லை. கிணற்றுத் தண்ணீரில் மங்கலாக ஏதோ தெரிந்தது. தம்பி துறைமுகப் பக்கமிருந்து போத்தலில் கொண்டுவந்த கடல் தண்ணீரில் நன்றாகவே எரிந்தது. கடல்நீரில் கரைந்துள்ள உப்பு மின்னைக் கடத்துகிறது. உலோகத்தைத் துருப்பிடிக்க வைப்பதும் அதே உப்புநீர்தான்.

விடையும் அதற்குள் இருந்தது. விளக்கின் பல்பைத் தொட்டேன், என் எல்.ஈ.டி. எரிந்தது. பல்பில் பழுதில்லை. வயரைத் தொட்டேன், எரிந்தது. பற்றரி தொடும் தகட்டில் பச்சையாகப் படிந்திருந்த பூச்சின் மீது வைத்தேன், எரியவில்லை. உப்புக் காற்று செம்பை அரித்து உண்டாக்கிய அந்தப் பூச்சுத்தான் மின்னை மறித்திருக்கிறது. அரத்தாளால் தேய்த்தேன். தகடு மினுங்கியதும் எல்.ஈ.டி. எரிந்தது. புதிய பற்றரி போட்டேன், விளக்கும் எரிந்தது. இனி உப்புநீர் போகாமல் மூடியின் விளிம்பில் கிரீஸ் பூசினேன்.

வாப்பா எழுந்து வந்து மூன்று தடவை போட்டு அணைத்துப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் அதைத் தன் பையில் வைத்தார். அன்று இரவு அதோடுதான் கடலுக்குப் போனார்.

உம்மாவின் மனதை மாற்றியது விளக்கு அல்ல, போஸின் மனைவியின் கதை. அபலா அம்மையார் மருத்துவம் படிக்க விரும்பியபோது கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கவில்லை. ஆகவே 1882இல் அவர் சென்னைக்குப் போய்ப் படித்தார். உடல்நலம் இடங்கொடாததால் படிப்பை முடிக்க முடியவில்லை. 1887இல் போஸை மணந்தார். கணவர் சம்பளம் வாங்க மறுத்த காலத்தில் வீட்டின் கஷ்டத்தைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் 1919இல் பெண்கள் கல்விக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கிக் கிராமங்களில் பாடசாலைகளை ஏற்படுத்தினார். இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தான் ஒன்பதாம் வகுப்போடு பாடசாலையை விட்டதைப் பற்றி உம்மா அன்றுதான் முதன்முதலாக என்னிடம் பேசினார்.

போஸ் பிற்காலத்தில் தாவரங்களை ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். அவருடைய முடிவுகளில் சிலவற்றை அன்றைய அறிஞர்கள் ஏற்கவில்லை, வாதங்கள் நடந்தன. அவர் ஆய்வை நிறுத்தவில்லை. 1917இல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1920இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் திகதி கிரிதியில் காலமானார்.

சகோதரிகளே, ஆய்வுகூடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 4 பற்றரி, ஓர் எல்.ஈ.டி., ஒரு தடையி, ஒரு துண்டு வயர், இவை போதும் தொடங்குவதற்கு. பெற்றோரே, பிள்ளை எதையாவது கழற்றி வைத்திருந்தால் ஏசுவதற்கு முன், அருகில் இருந்து என்ன செய்கிறாள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வாப்பா மறுநாள் சுபஹுக்கு முன்பே கரை சேர்ந்தார். அல்ஹம்துலில்லாஹ். விளக்கு விடியும் வரை எரிந்ததாம். தொழுதுவிட்டு வந்து என் உயர் தர விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கினார். தொழினுட்பப் பிரிவு என்று நான் எழுதியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே கையொப்பமிட்டார். அந்த வாரமே பக்கத்துப் படகுக்காரர்களின் பழுதான விளக்குகள் மூன்று எங்கள் குசினி மேசைக்கு வந்து சேர்ந்தன. உம்மா சோற்றுப் பானையைச் சற்றுத் தள்ளி வைத்து அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.