கல்லறைக் கல்லைப் படித்தவர்: ஸர் தாமஸ் ஹாலண்டின் வாழ்க்கையும் நமது வாலிபர்களின் கடமையும்

விழுப்புரம் ஜில்லாவில் திண்டிவனம், வானூர் பக்கங்களில் பிரயாணம் செய்தவர்கள், பூமியை ஆழமாக வெட்டிக் கருநீலக் கல்லை எடுக்கும் குவாரிகளைக் கண்டிருப்பார்கள். அங்கே உடைபடும் ஜல்லி லாரி லாரியாக வெளியூர்களுக்குப் போகிறது. கல்லை உடைக்கும் தொழிலாளிக்கும், வாங்கும் காண்டிராக்டருக்கும் அது வெறும் கருங்கல். உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகளோ அதைச் சார்னகைட் என்று அழைக்கிறார்கள். செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கும் கிரானைட் பாறையிலிருந்து இது வேறான இனம். நம் காலடியில் கிடக்கும் கல்லுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் ஓர் ஆங்கிலேயர்; ஸர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட் என்பவர். அவருடைய வாழ்க்கை நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. ஒன்று, கல்லைக் கவனித்துப் படிப்பவனுக்கு அது எவ்வளவு பலன் தரும் என்பது. மற்றொன்று, அந்தப் படிப்பைப் பிறரிடம் விட்டுவிட்ட தேசம் என்ன கதியடையும் என்பது.

ஹாலண்ட் 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில் பிறந்தார். லண்டன் ராயல் சயன்ஸ் காலேஜில் பயின்று தேறி, 1890-ல் இந்தியப் பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம் பெற்றுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. அந்நகரத்து ஸெயிண்ட் ஜான் மாதா கோவில் வளாகத்தில், 1690-ல் அங்கே குடியேறிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னக் என்பவரின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் பதித்திருந்த கருமையான கல் வங்காளத்துக் கல்லாக இல்லை. ஹாலண்ட் அதைக் கூர்ந்து பரிசோதித்தார். அதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுப்பொருள் கலந்திருப்பதையும், சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை என்பதையும் கண்டார். தமிழ்நாட்டுக் கல்லொன்று கடல்வழியே சென்று கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்கார வர்த்தகரின் கல்லறையை மூடியிருந்தது! 1893-ல் அவர் எழுதிய கட்டுரையில் அந்தப் பாறைக்குச் சார்னக்கின் பெயரையே சூட்டினார். பல்லாவரத்தின் பெயரைச் சூட்டியிருந்தால் அதிகப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் பெயர் வைக்கும் உரிமை ஆராய்ந்தவனைச் சேர்ந்தது. நம்மவர் ஆராயவில்லை, ஆகவே பெயரும் நம்முடையதாகவில்லை.

1900-ல் வெளியான அவரது பெரிய ஆராய்ச்சி நூல், இந்தப் பாறையினத்தின் பரப்பை விவரித்தது. பல்லாவரத்துச் சிறு குன்றுகள் மட்டுமல்ல. சேர்வராயன் மலை, நீலகிரி, பழனி மலை முதலியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பாறைகளால் ஆனவை என்று அது காட்டிற்று. திண்டிவனத்துக் குவாரியும் உதகமண்டலத்துச் சிகரமும் ஒரே இனத்துக் கல் என்பதைச் சாமானிய ஜனங்கள் எவ்வாறு அறிவார்கள்? இந்த உண்மை எவ்வளவு பயனுள்ளது என்பதைப் பின்னால் காண்போம்.

இதற்கு நடுவே ஒரு பெரிய அபாயம் நேர்ந்தது. 1893 செப்டம்பரில் இமயத்தின் கார்வால் பிரதேசத்தில் கோனா என்ற கிராமத்தருகே மலையொன்று சரிந்து விழுந்து, பிரஹி கங்கை நதியைச் சுமார் 900 அடி உயரத்துக்கு அடைத்துவிட்டது. பின்னால் நீர் தேங்கி ஏரியாயிற்று. அது உடைந்தால் ஹரித்வாரம் வரை உள்ள ஊர்களின் கதி என்ன? ஹாலண்ட் அங்கே சென்று, சரிந்த பாறையின் தன்மையைப் பரிசோதித்து அறிக்கை எழுதினார். இஞ்சினியர்கள் நீர்மட்டத்தை இடைவிடாது கவனித்தார்கள். பள்ளத்தாக்கு நெடுகத் தந்திக் கம்பி போடப்பட்டது. ஜனங்கள் மேட்டு நிலங்களுக்குப் போகும்படி செய்யப்பட்டார்கள். 1894 ஆகஸ்டு 25-ஆம் தேதி இரவு நீர் வழிந்து அணை உடைந்தது. கார்வால் ஸ்ரீநகர்ப் பட்டணம் அழிந்தது. ஆயினும் மாண்டவர்கள் ஐவரே. அவர்களும் எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்றவர்கள். பாறையை அறிந்து முன்கூட்டிச் சொல்லும் சாஸ்திரம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

1903-ல் ஹாலண்ட் இலாகாவின் டைரக்டரானார். இங்கேதான் நமது மனத்தை உறுத்தும் விஷயம் வருகிறது. அப்பதவிக்கு அவரைவிட அதிக வருஷ அனுபவமுள்ள இந்தியர் ஒருவர் அதே இலாகாவில் இருந்தார். அவர் பிரமதநாத போஸ். 1880 முதல் சேவை செய்தவர். பத்து வருஷம் பிந்தி வந்த ஹாலண்ட் தமக்கு மேலாக உயர்த்தப்பட்டதும், போஸ் ராஜிநாமாச் செய்து வெளியேறினார். அவர் சோர்ந்துவிடவில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் கோருமஹிசானி இரும்புப் படிவத்தைக் கண்டுபிடித்து, 1904-ல் ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். டாட்டா இரும்பு ஆலை எழுந்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். ஹாலண்டின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திறமையுள்ள இந்தியனுக்குக் கதவை அடைத்த ஏற்பாடு அநீதியானது என்பதை மறுப்பதற்கில்லை.

1909-க்குப் பின் ஹாலண்ட் மாஞ்செஸ்டர் ஸர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். உலக யுத்தத்தின் நடுவில், 1916-ல், இந்தியக் கைத்தொழில் கமிஷனின் தலைவராக மீண்டும் இந்தியா வந்தார. பண்டித மதன்மோகன மாளவியா, ஸர் தோராப்ஜி டாட்டா, ஸர் ராஜேந்திரநாத முகர்ஜி ஆகியோரும் அதில் அங்கத்தினர்கள். 1918-ல் வெளிவந்த அறிக்கை, நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் வசதிகளை ஸர்க்காரே ஆராய வேண்டுமென்று சிபாரிசு செய்தது. சிவசமுத்திரத்தில் 1902 முதலும், டாட்டாக்களின் கோபோலியில் 1915 முதலும் நீர்மின்சாரம் உற்பத்தியாகி வந்ததை நாடு கண்டிருந்தது. கமிஷனுக்குப் பின் தேசமெங்கும் நீர்ச்சக்தி ஸர்வே நடந்தது. மாளவியாவோ தமது தனிக் குறிப்பில், இந்தியக் கைத்தொழில்கள் அழிந்த வரலாற்றை எடுத்துக் காட்டி, கமிஷன் தயங்கிய இடங்களைக் கண்டித்தார்.

விஞ்ஞான உத்தியோகஸ்தர்களை அகில இந்திய ஸர்வீஸ்களாகத் திரட்ட வேண்டுமென்பதும் கமிஷனின் யோசனை. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் இரசாயன ஸர்வீஸ் விஷயத்தில் இதை எதிர்த்தார். ஆராய்ச்சியை வளர்க்க வேண்டிய இடம் ஸர்வகலாசாலையே அன்றி உத்தியோகஸ்தர்களின் கச்சேரி அன்று என்பது அவர் கட்சி. காலம் ராயின் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஹாலண்ட் வைஸ்ராயின் நிர்வாக சபையிலும் அமர்ந்தார். யுத்த தளவாட காண்டிராக்ட் மோசடி வழக்கொன்றை வாபஸ் பெற்ற விஷயத்தில் எழுந்த கண்டனத்தினால் 1921-ல் பதவி விலக நேர்ந்தது. பிறகு லண்டன் இம்பீரியல் காலேஜுக்கு 1922 முதல் 1929 வரையிலும், எடின்பரோ ஸர்வகலாசாலைக்கு 1944 வரையிலும் தலைவராக இருந்து, இந்தியா சுதந்திரம் பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே காலமானார். தஞ்சை ஜில்லாவில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்று 1924-ல் பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்து, 1951-ல் அதன் முதல் இந்திய டைரக்டரானார். போஸுக்கு மறுக்கப்பட்ட ஆசனம் 48 வருஷங்களுக்குப் பிறகு ஒரு தமிழருக்குக் கிடைத்தது.

ஹாலண்ட் பாறையை இனம் பிரித்தார். அந்தப் பாறைக்குள் சுரங்கம் குடைந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வி அவர் காலத்துக்குப் பிறகே தனிச் சாஸ்திரமாயிற்று. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் பிறந்தபோது, சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து மலைச்சரிவின்மீது இரும்புக் குழாய்களில் நீர் இறக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆனைமலையில் கட்டிய காடம்பாறை நிலையமோ மலையின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 400 மெகாவாட் சக்தியுள்ள அந்நிலையம், மின்சாரம் மிஞ்சும் வேளையில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கி உற்பத்தி செய்கிறது. சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகப் பெருக, இத்தகைய நிலையங்களின் தேவையும் பெருகும்.

மலைக்குள் இவ்வளவு பெரிய மண்டபத்தைக் குடைவது விளையாட்டல்ல. கையளவு சார்னகைட் துண்டு நசுக்க முடியாத வலிமை உடையது. ஆனால் மலை முழுவதும் ஒரே துண்டு அல்ல. பிளவுகள் எத்திசையில் ஓடுகின்றன, அவற்றில் நீர் எவ்வளவு கசிகிறது, மேலுள்ள மலையின் பாரமும் பக்கவாட்டு அழுத்தமும் எவ்வளவு என்பவற்றை அளந்தறிய வேண்டும். துளையிட்டு நீரை அழுத்தத்தோடு செலுத்திப் பாறை வெடிக்கும் நிலையைக் கண்டு அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். எத்தனை அடிக்கொன்றாக இரும்புத் தண்டுகளை அறைந்து கூரையைத் தாங்குவது என்பது அதன் பின்னரே நிச்சயமாகும். இதுவே பாறைப் பொறியியல்.

இதை அலட்சியம் செய்ததன் பலனை உலகம் அனுபவித்திருக்கிறது. 1959-ல் பிரான்ஸில் மால்பாஸே அணை, அடிப்பாறை நழுவியதால் உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்டனர். 1963-ல் இத்தாலியில் வயோன்ட் நீர்த்தேக்கத்துக்குள் மலைச்சரிவு வீழ்ந்து, எழும்பிய வெள்ளத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் மடிந்தனர். நமது நாட்டிலும், கோனா இருக்கும் அதே சமோலி ஜில்லாவில், 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி பாறையும் பனியும் சரிந்து இரண்டு நீர்மின் திட்டங்களைத் தாக்கின. இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர். 1894-ல் தந்திக் கம்பி முன்னெச்சரிக்கை தந்தது. 127 வருஷங்களுக்குப் பிறகு, சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்களுக்கு ஓடித் தப்பவும் அவகாசம் இருக்கவில்லை. இரண்டு விபத்துக்களும் ஒரே விதமானவை அல்ல. கோனாவில் நீர் மாதக்கணக்கில் தேங்கிற்று. 2021-ல் எல்லாம் நிமிஷங்களில் முடிந்தது. ஆயினும் மலைகளை இடைவிடாது கவனிக்கும் அறிஞர்கள் போதாது என்ற குறை அன்றும் இன்றும் ஒன்றே.

அக்குறையைத் தீர்க்கும் மார்க்கம் இன்று திறந்திருக்கிறது. கோலார் தங்கவயலில் 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் ஏற்பட்டது. சென்னை ஐ.ஐ.டி., கிண்டி இஞ்சினியரிங் காலேஜ், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், ரூர்க்கி, 1926-ல் தோன்றிய தன்பாத் சுரங்கப் பள்ளி ஆகிய இடங்களில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வசதியுண்டு. தேறியவர்களுக்கு உபகாரச் சம்பளமும் கிடைக்கிறது. கதவை அடைக்க அன்னிய ஸர்க்கார் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக் கழகத்தின் இஞ்சினியரிங் காலேஜுகளே இருக்கின்றன. அங்கே பயிலும் மாணவர்களின் வாசலிலேயே நீலகிரிக் குடும்பத்துக் கல் கிடக்கிறது. குவாரிச் சுவர் ஒவ்வொன்றும் பிளவுகளைப் படிப்பதற்கு அகலத் திறந்து வைத்த புஸ்தகம்.

நமது வாலிபர்கள் பட்டம் பெற்றதும் எந்த உத்தியோகம் கிட்டும் என்று அலைவதில் வியப்பில்லை; குடும்பக் கஷ்டம் அப்படி. டாக்டர் பட்டத்துக்கு நான்கைந்து வருஷம் உழைப்பது தியாகமே. ஆயினும் நூற்றில் ஒருவராவது அதற்குத் துணிய வேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள் அப்படிப்பட்ட மாணவனை இனங்கண்டு ஆதரிக்க வேண்டும். அன்னியர் ஒருவர் கல்கத்தாக் கல்லறையின் மேலிருந்த நம் கல்லைப் படித்துப் பெயரிட்டார். அதே கல் மலைக்குள் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே பிளந்துகொடுக்கும் என்று கூறும் அடுத்த அத்தியாயத்தையாவது திண்டிவனத்து மகன் ஒருவன், அல்லது மகள் ஒருத்தி, எழுதட்டும்.